வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு
(பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மன்னிப்புக் கேட்பது. இதென்ன பிரமாதம், சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதல்லவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் பெரிய மனிதர்கள் என்பவர்களுக்கும் சர்க்கார்களுக்கும் வராத வித்தை இதுதான்.

ஒரு பண்ணைக்காரர் தன் வேலையாளைத் திருடன் என்று சொல்லிச் சந்தையில் நாலு பேர் முன்னிலையில் அடித்துவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். மறுநாள் காணாமற்போன நகை அவர் வீட்டிலேயே அகப்பட்டது. இருட்டின பிறகு ஆளைக் கூப்பிட்டு, "ஏதோ நடந்தது நடந்து போச்சு, மனசிலே வருத்தம் இருந்தால் மறந்துவிடு" என்று சொல்லிக் கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கிறார். இது மன்னிப்பா? "நடந்தது" என்கிறாரே ஒழிய "நான் செய்தேன்" என்கிறாரா? "வருத்தம் இருந்தால்" என்கிறாரே, இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குச் சந்தேகமா? அடித்தது பகலில், சமாதானம் இரவில்! அடிபட்டவன் முதுகுவலி இரண்டு நாளில் போய்விடும். திருடன் என்ற பெயர் போகுமா? அந்தப் பெயரைப் போக்குவதுதான் மன்னிப்பின் முதல் வேலை.

இதற்கு உலகமறிந்த ஓர் உதாரணம் சொல்லுகிறேன். வட அயர்லாந்தில் டெர்ரி என்னும் ஊரில் 1972-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, விசாரணையின்றிச் சிறையில் அடைப்பதைக் கண்டித்து ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் அன்றே 13 பேர் மாண்டார்கள். காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். அதே வருஷம் நடந்த விசாரணையோ பெரும்பாலும் சிப்பாய்கள் பக்கமே பேசி, செத்தவர்களில் சிலர் துப்பாக்கியோ குண்டோ தொட்டிருக்கலாம் என்ற பழியையும் போட்டது. உயிரும் போயிற்று, பேரும் போயிற்று!

குடும்பத்தார் விடவில்லை. 1998-ல் புதிய விசாரணை ஏற்பட்டு, 2010 ஜூன் 15-ந் தேதி அதன் அறிக்கை வெளிவந்தது. அன்று பிரதம மந்திரி டேவிட் காமெரான் பார்லிமெண்டில் எழுந்து, சுட்டதற்கு எவ்வித நியாயமும் கிடையாது, அது தவறு என்று ஒப்புக்கொண்டு, சர்க்கார் பேரால் மன்னிப்புக் கேட்டார். டெர்ரியில் பெரிய திரையில் பார்த்துக் கொண்டிருந்த கூட்டம் ஆரவாரம் செய்தது. இறந்தவர்கள் திரும்பி வந்தார்களா? இல்லை. அவர்கள் குற்றமற்றவர்கள் என்ற சொல் திரும்பி வந்தது.

அதே காமெரான் 2013 பிப்ரவரியில் அமிர்தசரஸுக்கு வந்தார். 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாக்கில் ஜெனரல் டையர் எச்சரிக்கையில்லாமல் சுடச் சொன்னதில், சர்க்கார் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். அங்கே புத்தகத்தில், மிகவும் வெட்கப்படத்தக்க சம்பவம் என்று எழுதினார். மன்னிப்போ கேட்கவில்லை. காரணம், தாம் பிறப்பதற்கு 40 வருஷத்துக்கு முன் நடந்ததாம்! டெர்ரியில் சுட்டபோது அவருக்கு வயது 5. அந்த ஐந்து வயதுப் பிள்ளையா துப்பாக்கி பிடித்தது? அங்கே சர்க்காரின் வாரிசாக நின்று கேட்டவர், இங்கே தனி மனிதராகி நழுவிவிட்டார். 2019-ல் தெரேசா மே அம்மையாரும் பார்லிமெண்டில் ஆழ்ந்த வருத்தம் என்றாரே ஒழிய மன்னிப்பென்று சொல்லவில்லை.

தோழர்களே, வருத்தம் மழை பெய்யாவிட்டாலும் வரும். அதற்குக் குற்றவாளி வேண்டியதில்லை. மன்னிப்புக்கு "நான் செய்தேன்" என்னும் ஆள் வேண்டும்.

ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்? கௌரவம் போய்விடுமென்ற பயம்தான். மனித மனத்தின் போக்கோ நேர்மாறானது. நீங்கள் சாக்குச் சொல்லச் சொல்ல, அடிபட்டவன் தன் நியாயத்தை நிரூபித்துக் கொண்டேயிருக்க வேண்டியிருக்கிறது. கோபம் எப்படி ஆறும்? முழுக்க ஒப்புக்கொண்டாலோ, வாதாட அவனுக்கு ஒன்றுமில்லை. குற்றத்தைக் கண்டிப்பதில் நீங்களும் அவன் பக்கம் வந்து நிற்கிறீர்கள்.

ஆகவே, செய்ததைப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். "இருந்தால்", "ஆனால்" வேண்டாம். அவன்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். நஷ்டத்தை ஈடு செய்யுங்கள். எந்தச் சந்தையில் அவமானப்படுத்தினீர்களோ, அந்தச் சந்தையிலேயே கேளுங்கள். மன்னிப்பதும் மறுப்பதும் அவன் இஷ்டம். மன்னிக்கத்தான் வேண்டுமென்று வற்புறுத்துவது இரண்டாவது அடி என்று சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.