கதவு எண் தெரியும், கதவுக்குப் பின்னே?

(நகரக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்தால் நம் கையிலே வாக்காளர் பட்டியல். தெருத் தெருவாக நடக்கிறோம், மாடி மாடியாக ஏறுகிறோம். எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். நான் வேறொன்று கேட்கிறேன். அந்த வீடுகளுள் எதிலே துணையற்ற முதியவர் தனித்திருக்கிறார்? மூன்று நாள் அவர் வெளியே வராவிடில், ஏனென்று கேட்க எவர் உளர்? பட்டியல் சொல்லாது, நாமும் சொல்ல இயலாது விழிக்கிறோம்!

உங்களைக் குறை கூறவா வந்தேன்? இல்லை, முதற் குற்றவாளி நானே. தனிமையிலே வாடும் தாயை மேடையிலே காட்டி, மக்களைக் கண்ணீர் சிந்த வைத்தவன் நான். என் எதிர்வீட்டுப் பெரியவர், தெலுங்கு பேசுபவர், வழுக்கி வீழ்ந்து ஒரு பகலும் ஓர் இரவும் எழ இயலாது கிடந்தார். கண்டறிந்தவன் பால் போடும் சிறுவன்! முதல்நாள் பால் எடுக்கப்படாதது கண்டு கதவைத் தட்டினான். அக்கதவுக்கும் என் கதவுக்கும் இடைவெளி ஆறடி. அந்த ஆறடியைக் கடக்க எனக்கு நான்கு ஆண்டுகள் போதவில்லை! பெரியவர் பிழைத்தார், என் பெருமிதம் பிழைக்கவில்லை.

எல்லாருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரிலே வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தொட்டது. நமக்குப் பழகிய வெயில். அந்நகருக்கோ பழகாத நெருப்பு! ஒரே வாரத்தில், வழக்கத்தினும் 739 பேர் கூடுதலாக மாண்டனர். முதியோர் பலர், தனித்து வாழ்ந்தோர் பலர். கேட்பாரற்ற உடல்கள் பல, ஒரே நீள்குழியிலே புதைக்கப்பட்டன. செல்வம் கொழிக்கும் சீமையிலே!

இதனை ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் எரிக் கிளினென்பர்க், 2002இல் வெளியிட்ட நூலிலே இரு பகுதிகளைக் காட்டுகிறார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். அடுத்தடுத்த பகுதிகள், இரண்டிலும் ஏழை முதியோர் தனித்து வாழ்ந்தனர். ஆனால் வடக்கிலே லட்சம் பேருக்கு 40 சாவு, தெற்கிலே 4! ஏன்? வடக்கிலே ஆலைகள் போயின, கடைகள் மூடின, வெற்று மனைகள் பெருகின; முதியோர் வாயிற்படி தாண்டவே அஞ்சினர். தெற்கிலே மெக்சிகோவினின்று வந்தோர் நிறைந்த கடைத்தெரு, ஓயாத சந்தடி. அங்கு எஞ்சியிருந்த வெள்ளை முதியோரும், மொழி வேறாயினும், அச்சமின்றித் தெருவுக்கு வந்தனர்.

"அது அவரவர் இனத்தின் இயல்பு" என்பர் சிலர். பிறப்பைக் காட்டி வழக்கை முடிக்கும் பழைய பாடம் நாமறியாததா? ஆபர்ன் கிரெஷாம் என்பதும் வடக்கு லான்டேல் போன்றே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிதான். அங்கே கடைகள் இருந்தன, கூடுமிடங்கள் இருந்தன, தெருமன்றங்கள் இருந்தன. செல்வர் வாழும் சில பகுதிகளினும் அங்கே சாவு குறைவு! காத்தது பிறப்பல்ல, தோழர்களே, தெரு!

நம் சென்னை இதை அறியாததா? 2015 டிசம்பர் வெள்ளத்திலே மீனவரின் படகுகள் தெருவுக்குள் வந்தன. பள்ளிவாசல்கள் கதவு திறந்து, வந்தோர்க்கெல்லாம் உணவிட்டன. எவரும் சாதி கேட்கவில்லை, மொழி கேட்கவில்லை. பிறகோ? வெள்ளம் வடிந்தது, கூடவே உறவும் வடிந்தது! ஆற்றங்கரை மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது வீடு கிடைத்தது; பழகிய தெரு கிடைத்ததா? கட்டடம் கட்டும் வடபுலத்துத் தொழிலாளி நம் தெருவிலேதான் உறங்குகிறான். அவன் பெயர் நமக்குத் தெரியுமா?

தனிமையோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டுக்கு 8,71,000க்கும் மேல் என 2025இல் உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. மனக்குறை என்று ஒதுக்கத்தக்கதா இது? மக்கள் நோய்!

மருந்து நம் கையிலும் உண்டு. பட்டியலிலே ஒரு பத்தி கூட்டுங்கள்: தனித்திருப்போர் யார்? வெயில் முற்றுமுன் ஒருமுறை, மழை தொடங்குமுன் ஒருமுறை, வாக்குக் கேளாமல் சென்று நலம் கேளுங்கள். மாற்றுக் கட்சியார் வீடாயினும் செல்லுங்கள். படிப்பக வாயிலிலே பலகை ஒன்று இடுங்கள். தமிழ்த் தாளோடு தெலுங்கு, உருது, இந்தித் தாளும் கிடக்கட்டும். தமிழ் தாழ்ந்துவிடாது, வந்தவர் தமிழ் கற்பார்!

இன்றிரவு வீடு திரும்புகிறீர்கள். உங்கள் கதவைத் திறக்குமுன், எதிர்க்கதவைத் தட்டுங்கள். நான் தட்டத் தொடங்கிவிட்டேன், காலம் கடந்துதான். நீங்கள் காலத்தோடு தட்டுங்கள்!