நல்ல கல்வி எது?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் பெற்றோர், மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் காசோலைகளைக் கொடுக்கிறோம், துஆ செய்கிறோம், தேநீர் அருந்திவிட்டுக் கலைகிறோம். இந்த வருடம் காசோலையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசிவிட விரும்புகிறோம். நம் கையில் இருப்பது ஜகாத், ஸதகா பணம். வெயிலில் நின்று சம்பாதித்தவர்களின் பணம். இதைக் கொண்டு நாம் வாங்கித் தரும் கல்வி நல்ல கல்விதானா என்று பார்ப்பதும் அமானிதத்தில் சேர்ந்ததுதான்.

நல்ல கல்வி எது என்று கேட்டால், நல்ல மார்க், நல்ல காலேஜ், நல்ல சம்பளம் என்று பதில் வரும். அந்தப் பதிலில் தவறில்லை. ஹலாலான சம்பாத்தியத்துக்கு வழி செய்யாத படிப்பை ஏழை வீட்டுப் பிள்ளை எப்படி நம்பிப் படிக்கும்? ஆனால் பதில் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. இந்த ஆண்டு உதவிக்கு மனுப் போட்ட சில பையன்கள், பிறகு வந்து மனுவைத் திரும்பக் கேட்டார்கள். விசா வந்துவிட்டது, படிப்பு வேண்டாம் என்றார்கள். அவர்களில் நன்றாகப் படிக்கிற பையனும் உண்டு. படித்து என்ன ஆகப் போகிறது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்களாம். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல முயல்கிறோம்.

பயன் தரும் கல்வி

நபி (ஸல்) அவர்கள் பயன் தரும் கல்வியை அல்லாஹ்விடம் கேட்டுத் துஆ செய்தார்கள். பயன் தராத கல்வியிலிருந்து பாதுகாப்பும் தேடினார்கள். பயன் என்றால் என்ன என்பதற்கு அவர்களுடைய காலத்திலேயே விளக்கம் இருக்கிறது.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போர் நடந்தது. கைதிகளில் சிலருக்கு மீட்புத் தொகை கட்ட வசதி இல்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியும். மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மதீனாவில் அன்று பணத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு! அப்படியும் பணத்தின் இடத்தில் எழுத்து வைக்கப்பட்டது. கற்றுக் கொடுத்தவர்களோ நேற்றுவரை எதிரில் வாள் பிடித்து நின்றவர்கள்.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அரை மாதத்துக்குள் அவர்கள் கற்றுத் தேர்ந்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. காரணம் மிக எளியது. வருகிற கடிதத்தை நமக்கு நம்பிக்கையான நம் ஆளே படிக்க வேண்டும். போகிற கடிதத்தை நம் ஆளே எழுத வேண்டும். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்ததும் அதே நூல்களில் இருக்கிறது.

இன்று நம் வீடுகளுக்கு வருகிற கடிதத்தை யார் படிக்கிறார்கள்? பேங்க் நோட்டீஸ், கோர்ட் சம்மன், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கம்பெனி ஒப்பந்தம் என்று எத்தனையோ வருகின்றன. அதை எடுத்துக்கொண்டு தெருவில் யாராவது படித்துச் சொல்வார்களா என்று தேடுகிற உம்மாமார்கள் இன்னும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். படித்துச் சொல்பவர் சரியாகச் சொன்னால் நல்லது. இல்லையென்றால்?

கையெழுத்துக்கு முன்னால்

குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள். சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் அது. தவணை குறித்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதி வைக்க வேண்டும், நீதமாக எழுதுபவர் வேண்டும், சாட்சி வேண்டும் என்பதுதான் அதன் விஷயம்.

அந்த உம்மத்தில் வந்த நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது எழுதாத பிராமிசரி நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். நகையை அடகு வைக்கும்போது, எந்தத் தேதிக்குள் மீட்காவிட்டால் ஏலம் என்று ரசீதிலேயே இருந்தும் படிப்பதில்லை. சொந்தக்காரர் என்று நம்பி, வீட்டுப் பத்திரத்தை ஜாமீனாகக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

வெளிநாட்டுப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில் சேரும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். இது அவருடைய பாதுகாப்புக்காக 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. அனுமதியோடு போகிறவருக்கு, வேலை நாட்டில் விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் காப்பீடும் இருக்கிறது. இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகச் சில ஏஜென்ட்கள் விசிட் விசாவில் ஏற்றி அனுப்புகிறார்கள். போன இடத்தில் அந்தப் பையன் கணக்கில் இல்லாத ஆள். சம்பளம் வராவிட்டால் புகார் கொடுக்கவும் பயம். அல்லாஹ் காப்பாற்றட்டும், ஏதாவது நடந்துவிட்டால் வீட்டாரின் கையில் எந்தக் காகிதமும் இருக்காது.

பாஸ்போர்ட்டில் எந்த வகை, கையில் இருப்பது என்ன விசா, ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் சம்பளம் எவ்வளவு? இந்த நான்கு கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று குறையும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தாலே முதல் கேள்வி தீர்ந்தது. படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே முதல் பதில்.

கணக்கும் இபாதத்துதான்

ஒருவர் வஃபாத் ஆகிறார். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக 16 லட்சம் ரூபாய் மீதி. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் மட்டுமே வாரிசு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 2 லட்சம். மீதி 14 லட்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் மகனுக்கு 7 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் மூன்றரை லட்சம்.

இது பள்ளிக்கூடத்தில் படிக்கும் பின்னக் கணக்குதான். இது தெரியாததால், அல்லது தெரிந்தும் கேட்க ஆளில்லாததால், எத்தனை சகோதரிகளின் பங்கு சீரோடும் நகையோடும் முடிந்தது என்று சொல்லி மறைக்கப்படுகிறது! தன் பங்கு எவ்வளவு என்று ஒரு பெண் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினால், அவளிடம் வாய்வார்த்தையில் மழுப்ப முடியாது.

9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல்லே வந்தது. அந்த நூலின் பெரும் பகுதி வாரிசுரிமை, வஸிய்யத் கணக்குகள். வியாபாரத்துக்கும் நிலம் அளப்பதற்கும் பயன்பட வேண்டும் என்றும் அவர் எழுதினார். மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று நாம் போட்டுக்கொண்ட சுவர் அவருக்குத் தெரியாது. ஃபர்ளு தொழுகையை ஒழுங்காகத் தொழுபவர், தன் சரக்குக்கு ஜகாத் எவ்வளவு என்று கணக்கிடத் தெரியாமல் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், அவருக்குக் குறைவது கணக்குதான்.

பெண் படித்துவிட்டாள், பையன்?

நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியது. சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951-இல் வந்தன. 1955-இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெண்களுக்கென்றே சென்னையில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அந்தப் பெரியவர்கள் போட்ட பாதையில் நம் பேத்திகள் நடக்கிறார்கள்.

ஆனால் இன்று நிக்காஹ் பேச வருபவர்கள் எங்களிடம் சொல்வது வேறு. பெண் டிகிரி முடித்துவிட்டாள், அவளுக்கு ஏற்ற படித்த மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்கிறார்கள். இதற்குச் சிலர் கண்டுபிடித்த மருந்து, பெண்ணின் படிப்பைப் பன்னிரண்டோடு நிறுத்திவிடுவது. வண்டியின் ஒரு சக்கரம் சிறியதாக இருந்தால் பெரிய சக்கரத்தையா செதுக்குவோம்? பையனைப் படிக்க வையுங்கள்.

எல்லாப் பையனும் டாக்டராக, இன்ஜினியராக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் தவறினால் அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது. தேறியவர் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். அதை முடித்தால் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. சபுர் போவதே முடிவு என்றாலும், ஹெல்பராகப் போவதற்கும் சான்றிதழ் பெற்ற எலக்ட்ரீஷியனாகப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் போய் வந்தவர்களிடம் கேளுங்கள்.

கிடைப்பதைக் கேட்டு வாங்குவோம்

எட்டாம் வகுப்பு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழித் தேர்வு நடக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்குச் சான்றிதழ் வாங்கிக் கட்டணச் சலுகை பெறலாம்.

தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. சமூகச் சான்றிதழில் லெப்பை, தக்னி, மாப்பிள்ளை, ஷேக், சையத் என்று எந்தப் பிரிவு என்பது சரியாக இருந்தால்தான் அந்த உரிமை கைக்கு வரும். சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் இன்னொரு மாதிரி இருந்தால் கவுன்சிலிங் நாளில் அழுவதைத் தவிர வழியில்லை. லீவு நாட்களிலேயே சரி செய்துகொள்ளுங்கள்.

நாம் எடுத்திருக்கும் முடிவு

இன்ஷா அல்லாஹ், இந்த ஆண்டிலிருந்து மூன்று காரியங்களைச் செய்ய அறக்கட்டளை நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

ஒன்று, உதவித்தொகை நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு மட்டுமல்ல. தவறிய பிள்ளைக்குத் துணைத் தேர்வுக் கட்டணத்தையும் அதற்கான டியூஷன் செலவையும் அறக்கட்டளை ஏற்கும். தொண்ணூறு மார்க் எடுக்கிற பிள்ளைக்கு உதவ நாலு பேர் வருவார்கள். முப்பது மார்க் எடுத்த பிள்ளையின் வாசலில்தான் ஏஜென்ட் வந்து நிற்கிறான்.

இரண்டு, ஞாயிறு காலை மதரஸா முடிந்ததும் ஒரு மணி நேரம், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்குக் காகிதம் படிக்கும் வகுப்பு. வாடகை ஒப்பந்தம், பேங்க் படிவம், வேலை ஒப்பந்தம், ஜகாத் கணக்கு, வாரிசுப் பங்குக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். வாரிசுக் கணக்கை நம் பள்ளி இமாம் ஹழ்ரத் அவர்கள் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விரும்புகிற தாய்மார்களும் வரலாம். அவர்களுக்குத் தனி இடம் உண்டு.

மூன்று, பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்ப நினைக்கும் குடும்பம், அதற்கு முன் ஒரு முறை எங்களோடு பேச வேண்டும். கடன் நெருக்கடி என்றால் பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடனுக்கு ஏற்பாடு செய்ய முயல்வோம். முடிவு உங்களுடையது, கேட்கும் உரிமையை மட்டும் எங்களுக்குத் தாருங்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் படித்ததற்கு அடையாளம் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டும் சான்றிதழ் மட்டுமல்ல. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு கடிதத்தை நீட்டும்போது, உட்கார வைத்து, நிதானமாகப் படித்து, உள்ளதை உள்ளபடி சொல்கிறீர்களா? அவர்களுடைய ரகசியத்தை வெளியே பேசாமல் காக்கிறீர்களா? நல்ல கல்வி பெற்றவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும். எழுதத் தெரிந்தவர்தானே பொய்ப் பத்திரமும் எழுதுகிறார்? படிப்போடு இறையச்சம் சேராவிட்டால், அந்தப் படிப்புக்குப் பலியாவது படிக்காதவர்தான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் தருவாயாக! தங்கள் உழைப்பிலிருந்து இந்தப் பணத்தைக் கொடுத்தவர்களின் செல்வத்தில் பரக்கத் செய்வாயாக! கற்றதைக் கொண்டு பிறருக்கு உதவும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.