லிப்ற்றைப் பிடித்து வையுங்கோ

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் அல்ல. ஏ.எல். வரை படித்து, நாட்டை விட்டு வந்து, பக்டரியில் வேலை செய்பவன். நல்ல நாளில் சாவைப் பற்றிக் கதைக்கிறான் என்று கோபிக்காதையுங்கோ.

போன மாரியில் எங்கள் கட்டடத்தின் பதினெட்டாம் மாடியில் ஒரு ஐயா நெஞ்சைப் பிடித்தபடி விழுந்து மூச்சற்றுக் கிடந்தார். 911ஐக் கூப்பிட்டோம். ஆனால் அவரைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. "ஏதும் நடந்தால் கேஸ் போடுவினம், எங்கட அகதிப் பேப்பருக்கும் பழுது" என்றார் ஒருவர். நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்புலன்ஸ்காரர் வந்தும் கீழே லிப்ற்றுக்காகக் காத்து நின்றார்கள். ஐயா போய்விட்டார்.

பிறகுதான் விசாரித்தேன். 2007 முதல் 2012 வரை றொறன்ரோவிலும் பீல் பகுதியிலும் வீட்டில் இதயம் நின்றுபோன ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு 2016 இல் வெளிவந்தது. மூன்றாம் மாடிக்குக் கீழே நூற்றுக்கு 4 பேரளவில் தப்பினார்கள். பதினாறாம் மாடிக்கு மேலே 216 பேரில் 2 பேர்தான். இருபத்தைந்துக்கு மேலே ஒருவருமில்லை. எங்கட சனம் எத்தனை பேர் அந்த உயரத்தில் இருக்கிறோம்!

சட்டத்துக்குப் பயப்படத் தேவையில்லை. பரி நகரத்துச் சிறுவன் சேஸ் மக்கீச்சர்ன், இதயத்துக்கு மின் அதிர்ச்சி குடுக்கிற பெட்டி பள்ளிக்கூடங்களிலும் ஹொக்கி அரங்குகளிலும் வேணும் என்று கேட்டவன். 2006 இல் 11 வயதில் இறந்தான். அடுத்த வருடம் ஒன்ராறியோவில் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. நல்லெண்ணத்தோடு அந்தப் பெட்டியைப் பாவித்தவரிடம், படுமோசமான கவனயீனம் இருந்தாலொழிய, நட்டஈடு கேட்க முடியாது. முதலுதவி செய்பவருக்கு 2001 ஆம் ஆண்டுச் சட்டம் துணை.

ஆகவே மூன்று பேர் மூன்று வேலை செய்யுங்கோ. ஒருவர் 911, "தமிழ்" என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தருவினம். ஒருவர் நடு நெஞ்சில் இரண்டு கையாலும் பலமாக, நிமிடத்துக்கு நூறு தரத்துக்குக் குறையாமல் அமத்த வேணும். ஒருவர் கீழே ஓடி, கதவைத் திறந்து, லிப்ற்றைப் பிடித்து வைக்க வேணும். பெட்டி இருந்தால் கொண்டு வாருங்கோ. அது தானே பேசும்; அதிர்ச்சி தேவையில்லையென்றால் குடுக்காது.

எங்கள் கட்டடத்தில் அந்தப் பெட்டி இருக்கவில்லை. வாசலில் ஒன்று வையுங்கள் என்று கேட்டு, குடியிருப்பவர்களிடம் கையெழுத்துச் சேர்க்கிறோம். உங்கள் கட்டடத்திலும் கேளுங்கோ.

அந்த ஐயாவுக்கு நான் செய்யாததை, நீங்கள் இன்னொருவருக்குச் செய்யுங்கோ.