கலைஞனுக்குப் பட்ட கடன்



ஒருவருடைய பாட்டைக் கேட்டு மகிழ்கிறோம். அதனால் அவருக்கு நாம் கடன்பட்டவர்கள் ஆகிறோமா? விலை கொடுத்து இசைத்தட்டை வாங்கியதோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறதா? இந்தக் கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியது, 2006ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் நியூயார்க் நகரத்துப் பீக்கன் அரங்கில் நடந்த ஓர் உதவிநிதிக் கச்சேரி.

கச்சேரியைப் பற்றிச் சொல்லுமுன், 'கராஜ் ராக்' என்னும் இசையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிப் பாடினர். சுமார் ஏழு கோடிப் பேர் அதைக் கண்டனர். உடனே ஊர்தோறும் உங்கள் வயதுப் பிள்ளைகள் கிதாரும் முரசும் வாங்கிக் குழு அமைத்தார்கள். வீட்டுக்குள் இரைச்சல் கூடாது என்று பெற்றோர் கண்டித்தார்கள் போலும்! கார் நிறுத்தும் கொட்டகையே அவர்களுக்குப் பயிற்சிக்கூடம் ஆயிற்று. அதனாலேயே பின்னாளில் அவ்விசைக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. அதில் நுணுக்கம் குறைவு. வேகமும் வெறியும் மிகுதி.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் ஆர்தர் லீ. 1945இல் மெம்பிஸ் நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்த கறுப்பினத்தவர். 1965ஆம் ஆண்டில் அவர் ஒரு குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்நகரின் வாட்ஸ் பகுதியில் பெரும் கலவரம் மூண்டது. அத்தகைய காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று வாசித்த குழு அது. அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'லவ்', அதாவது அன்பு. 1966இல் வெளிவந்த அவர்களுடைய 'செவன் அண்ட் செவன் இஸ்' இரண்டே நிமிடம் சொச்சம் ஓடும் பாட்டு. புயல் போல் வந்து வெடியோசையோடு ஓயும். 1967இல் வெளியான 'பாரெவர் சேஞ்சஸ்' என்னும் தொகுப்போ, தந்தி வாத்தியங்களும் ஊதுகருவிகளும் இழைந்த மென்மையான படைப்பு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அதற்குக் கிடைத்த இடம் 154.

லீ குறையற்ற மனிதர் அல்லர். துப்பாக்கி தொடர்பான ஒரு வழக்கில் 1996இல் பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். மேல்முறையீட்டில் வென்று 2001 டிசம்பரில் விடுதலையானார். வெளியே வந்ததும் மீண்டும் பாடத் தொடங்கினார். 2003இல் லண்டன் மாநகரில் அந்தப் பழைய தொகுப்பு முழுவதையும் மேடையேற்றினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு உரிய மக்கள் வந்து கேட்டார்கள். ஆனால் 2006இல் குருதிப் புற்றுநோய் அவரைப் பற்றியது.

அந்நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு ஒட்டியது. இசைக்கலைஞனுக்கு முதலாளி ஏது? செலவை யார் ஏற்பது? அப்போதுதான் நண்பர்கள் கூடிப் பீக்கன் அரங்கில் கச்சேரி நடத்தினார்கள். லெட் செப்பெலின் குழுவின் புகழ்பெற்ற பாடகர் ராபர்ட் பிளான்ட் கடல் கடந்து வந்து, லவ் குழுவின் பாடல்களைத் தாமே பாடினார். இயன் ஹன்டர், ரயன் ஆடம்ஸ் முதலியோரும் வந்தனர். லீயின் பழைய தோழர், கிதார் கலைஞர் ஜானி எக்கோல்ஸும் மேடையேறினார். எவருக்காகப் பாடினார்களோ அவர் மட்டும் அங்கே இல்லை. மெம்பிஸில் நோயோடு போராடிக்கொண்டிருந்தார். ஆறு வாரங்கள் கழிந்தன. ஆகஸ்டு 3ஆம் நாள், தம் அறுபத்தோராம் வயதில் அவர் மறைந்தார்.

இச்செய்தியைப் படித்தபோது நான் நாணினேன். காரணத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். கல்லூரி நாட்களில் அந்தத் தொகுப்பை நான் கேட்டது, நண்பர் ஒருவர் படியெடுத்துத் தந்த ஒலிநாடாவில். தேர்வுக் காலத்து இரவுகளில் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. பாடியவருக்கு ஒரு காசும் நான் தந்ததில்லை. அவர் உயிரோடிருக்கிறாரா, எப்படி வாழ்கிறார் என்று எண்ணிப் பார்த்ததும் இல்லை. பீக்கன் அரங்கில் சீட்டு வாங்கி அமர்ந்தவர்கள் தானம் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் போன்றவர்கள் செலுத்தாத கடனையும் சேர்த்து அவர்கள் செலுத்தினார்கள் என்றே நினைக்கிறேன்.

பாணரைப் புரந்த வள்ளல்களைப் பற்றி நீங்கள் வகுப்பறையில் படிக்கிறீர்கள். ஆனால் வள்ளல் வரும்வரை பாணன் பசித்திருந்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். உதவிநிதிக் கச்சேரியின் குறையும் அதுவே. நண்பர்களில் புகழ்பெற்றவர் இருந்தால்தான் அரங்கு நிறையும்; பெயர் மறைந்துபோன கொட்டகைக் கலைஞனுக்கு யார் கூட்டம் சேர்ப்பார்? ஆகவேதான் 'மியூசிகேர்ஸ்' என்னும் நிதி 1989இல் தொடங்கப்பட்டது. ஆஸ்டின் நகரத்து இசைவாணர்களுக்கென 2005இல் ஒரு மருத்துவ உதவி அமைப்பும் எழுந்தது. ஒருநாள் இரக்கத்தை நிலையான ஏற்பாடாக மாற்றும் முயற்சிகள் இவை.

லீ மறைந்தபின், அந்தத் தொகுப்பு 2008இல் கிராமி புகழ்மன்றத்தில் இடம் பெற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும், காத்துப் போற்றவேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. பெருமைதான். ஆயினும் அவற்றை அறிய அவர் இல்லை. பீக்கன் அரங்கின் கைத்தட்டலோ அவர் உயிரோடிருந்தபோது எழுந்தது. அந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நண்பர்களே, இன்றிரவு நீங்கள் ஒரு பாட்டைக் கேட்கக்கூடும். கேட்டு முடித்ததும், பாடியவர் யார், வாசித்தவர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒரு முறை விசாரியுங்கள். கடனைத் தீர்ப்பதற்கு முதற்படி, கடன்பட்டிருக்கிறோம் என்று உணர்வதே.