ஆம்ப்ளிஃபையரும் மின்சீராக்கியும்

கணிப்பொறியை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்துப் பாட்டுக் கேட்கையில் 'உம்' என்னும் ஓயாத இரைச்சல் எழுந்தால், மின்சாரத்தின்மேல் பழி சுமத்திப் பவர் கண்டிஷனர் என்னும் மின்சீராக்கியை வாங்க விரைகிறோம்.

நம் இல்லத்திற்கு வருவது 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்றுக் கொண்ட மாறுமின்சாரம். ஆம்ப்ளிஃபையருள்ளேயே மின்மாற்றி அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது. திருத்தி அதனை ஒருதிசைப்படுத்துகிறது. மின்தேக்கிகள், ஏரி மழைநீரைத் தேக்கி விடுவதுபோல், சமன் செய்கின்றன. மின்தடை நீங்கும்போது எழும் திடீர் அழுத்தத்தையும், அண்டை வீட்டு மோட்டாரின் கரகரப்பையும் சீராக்கி ஓரளவு தடுக்கும், அவ்வளவே.

இவ்விரைச்சலோ, பலவேளைகளில், இரு கருவிகளும் வெவ்வேறு இடங்களில் எர்த் பெறுவதால் விளைவது. இணைப்புக் கம்பியைக் கழற்றியதும் அது நின்றால் அதற்கு வாய்ப்பு மிகுதி. எர்த் கம்பியையே வெட்டிவிடுவோரும் உளர்! இரைச்சல் அடங்கும், கருவி பழுதுற்ற நாளில் அதைத் தொடுபவர் உயிருக்குக் காவல் இராது. இரண்டையும் ஒரே சாக்கெட்டிலிருந்து இயக்கிப் பாருங்கள், அதற்குச் செலவில்லை.