செக்கரியாவின் எழுதுபலகை

(திருமுழுக்கு யோவான் பிறப்பு விழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஜூன் 24-ஆம் நாள் திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழா. நம் பகுதியில் இது தண்ணீர் வரும் காலம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், இந்த விழா வரும்போது கல்லணையைத் தாண்டித் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். கடைமடைக்காரர்கள் இன்னும் வாய்க்காலைப் பார்த்தபடி இருப்பார்கள். காத்திருப்பதைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது வேறொரு காத்திருப்பைப் பற்றி. பிள்ளையின் வாயிலிருந்து 'அம்மா' என்ற ஒரு சொல் வருமா என்று ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு காத்திருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்.

இந்த விழாவின் நற்செய்தியில் பேச முடியாத ஒருவர் இருக்கிறார். யோவானின் தந்தை செக்கரியா. குழந்தைக்குப் பெயரிடும் நாள். உறவினர் எல்லாரும் கூடி, தகப்பன் பெயரையே வைப்போம் என்கிறார்கள். எலிசபெத்து மறுக்கிறார். அப்போது உறவினர்கள் என்ன செய்தார்கள் என்று லூக்கா ஒரு வரியில் சொல்கிறார். நாம் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். அவர்கள் செக்கரியாவிடம் சைகை காட்டிக் கேட்டார்கள். 'இவர்தான் பேசமாட்டாரே, இவரை எதற்குக் கேட்பது' என்று விட்டுவிடவில்லை. அவரும் ஓர் எழுதுபலகையைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என்று எழுதுகிறார். அவருடைய நாவு கட்டவிழ்ந்தது அதற்குப் பிறகுதான். பலகை முதலில், பேச்சு பிறகு.

இந்த வரிசையை நான் பல ஆண்டுகள் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். பையனுக்கு வயது பத்துக்கு மேல் இருக்கும். பேச்சு இல்லை. "ஃபாதர், இந்த வருஷம் தம்பிக்குப் புதுநன்மை குடுப்பீங்களா?" என்று கேட்டார். நான் அன்பாகத்தான் சொன்னேன்: "கொஞ்சம் பேச்சு வரட்டும்மா, அப்புறம் பாப்போம்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மறு ஆண்டு வரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு அந்தக் குடும்பமே பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டது. குருமடத்தில் படித்த இறையியலில் அந்தப் பதிலுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவனிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். என் தெரியாமையை அவனுடைய குறையாக்கி அனுப்பிவிட்டேன்.

ஆட்டிசம் என்பது நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதுதான் இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. அந்த 11 பேரில் 3 பேர் பேசவே இல்லை. தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். அரசு ஏடுகளில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்றுகூட ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. மின்விசிறியின் சத்தம் மாறுவதைக்கூட நமக்கு முன்பே கவனித்துவிடும் பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு காலத்தில், பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்த மருத்துவர்களே எழுதினார்கள். அந்தக் கருத்து தவறு என்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது. தடுப்பூசியும் காரணம் அல்ல. ஆனால் நம் ஊரில் இன்னும் அந்தத் தாயைத்தான் கேட்கிறோம்: என்ன சாபம், யார் செய்த பாவம் என்று. யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கேட்ட அதே கேள்வி. இவரும் அல்ல, இவர் பெற்றோரும் அல்ல என்று ஆண்டவர் அன்றே பதில் சொல்லிவிட்டார். செக்கரியாவின் வாய் அடைபட்டது அவர் நம்பாததற்கு ஓர் அடையாளம். அதை எடுத்து எந்தப் பிள்ளையின் தலையிலும் வைக்காதீர்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். பிள்ளைக்கு இரண்டரை வயதாகியும் பேசவில்லை என்றால் நம் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "அவங்க அப்பனே அஞ்சு வயசுலதான் பேசினான்." "நாக்குல வசம்பு தடவு." "வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்க." நேர்ச்சையை நான் குறைசொல்ல மாட்டேன். நடந்தே போங்கள், மாதா கேட்பார். வசம்பை மட்டும் விட்டுவிடுங்கள். பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை. ஆனால் நேர்ச்சைக்குப் போகும் அதே வாரத்தில் மருத்துவமனைக்கும் போங்கள். பன்னிரண்டு மாதத்தில் மழலை இல்லை, நிலாவைக் காட்டினால் பார்ப்பதில்லை, தானாக எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. அல்லது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது. இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. அங்கன்வாடியில் கேட்டாலே வழி சொல்வார்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே இது யாரிடமும் கெஞ்சிக் கேட்கும் சலுகை அல்ல.

பிறகு, பேச்சுப் பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்ப்பார். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறது. அதனால் சில காரியங்களை வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு பிள்ளை தாகம் எடுக்கும்போதெல்லாம் "தண்ணி வேணுமா?" என்று வந்து நிற்பான். கேட்பவர்கள் சிரிப்பார்கள்: "எனக்கு வேணாம்டா, உனக்கு வேணுமா?" யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கிடைத்த ஒவ்வொரு முறையும் அவன் காதில் விழுந்தது "தண்ணி வேணுமா?" என்ற சொல்தான். அவனைப் பொறுத்தவரை தண்ணீரைக் கொண்டுவரும் சொல் அதுதான். தொலைக்காட்சி விளம்பரத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. முன்பு இதை அர்த்தமற்ற எதிரொலி என்று நினைத்து, நிறுத்தச் சொல்லி அதட்டினார்கள். பலமுறை அதற்குள் ஒரு கேள்வியோ பயமோ சந்தோஷமோ இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதட்ட வேண்டாம். அவன் பக்கம் நின்று, "தண்ணி வேணும்" என்று நீங்கள் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொடுங்கள். நாளைக்கும் அப்படியே.

இன்னொன்று, நாம் அவசரப்படுகிறோம். ஒரு கேள்வி கேட்கிறோம், இரண்டு நொடியில் பதில் வராவிட்டால் அதையே வேறு வார்த்தைகளில், கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறோம். பிள்ளை முதல் கேள்வியிலேயே இன்னும் நிற்கிறான். சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு மனத்துக்குள் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடியுங்கள். அவ்வளவு நேரம் பொறுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். பார்க்காமலே நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் பலர்.

அடுத்தது படங்கள். 1985-இல் அமெரிக்காவில் பாண்டி, ஃபிராஸ்ட் என்ற இருவர் ஒரு முறையை உருவாக்கினார்கள். பிள்ளைக்குப் பிடித்த பொருளின் படம் ஓர் அட்டையில் இருக்கும். அந்த அட்டையை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தால் அந்தப் பொருள் கிடைக்கும். சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் 'நான் ஒன்றை இன்னொரு மனிதரிடம் கேட்கலாம், அவர் கொடுப்பார்' என்பதை அந்தப் பிள்ளை முதன்முறையாக அறிந்துகொள்வது அங்கேதான். நம் சென்னையிலேயே அஜித் நாராயணன் என்ற பொறியாளர், வித்யாசாகர் நிறுவனத்தில் இருந்த பேச முடியாத பிள்ளைகளைப் பார்த்து, படத்தைத் தொட்டால் குரல் வரும் 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். 2010-இல் அதற்குத் தேசிய விருது கிடைத்தது. இன்று அது கைக்கணினியில், தமிழிலும் பேசுகிறது. அதற்கு வசதி இல்லையா? பழைய காலண்டர் படம், செல்போனில் எடுத்த போட்டோ, ஜெராக்ஸ் கடையில் ஒரு லேமினேஷன் போதும். ஒன்றே ஒன்று: அட்டையை அவன் மட்டும் தொட்டால் போதாது, நீங்களும் தொட்டுக்கொண்டே பேச வேண்டும். பேச்சைக் கேட்காமல் எந்தப் பிள்ளையும் பேசக் கற்பதில்லை. இதுவும் அப்படியே.

இந்த இடத்தில் பெற்றோர் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "அட்டையைப் பழகிட்டா அப்புறம் பேசவே மாட்டானே, ஃபாதர்?" நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. படங்கள் பேச்சைத் தடுப்பதில்லை. சிலருக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரட்டும் என்று போர்செட் உள்ளவர் நாற்றங்காலைக் காயவிடுகிறாரா? போர்செட் ஓடுவதால் மேட்டூர்த் தண்ணீர் வராமல் நின்றுவிடுகிறதா? செக்கரியாவுக்குப் பேச்சு திரும்பியது போல எல்லாப் பிள்ளைக்கும் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலர் கடைசிவரை வாயால் பேசமாட்டார்கள். அவர்கள் கையில் பலகையாவது இருக்கட்டும்.

இப்போதுள்ள பங்கில், அப்படி ஒரு பிள்ளையின் பெற்றோர் வந்தபோது நான் வேறு பதில் சொன்னேன். மறைக்கல்வி சொல்லித்தரும் அருள்சகோதரியும் அந்தத் தாயும் சேர்ந்து அட்டைகள் செய்தார்கள். சாப்பாட்டு மேசை, இட்லி, அப்பம், பீடம், இயேசு. எது வீட்டுச் சாப்பாடு, எது இயேசு தரும் அப்பம் என்று அவன் அட்டைகளைப் பிரித்து வைக்கப் பல மாதங்கள் ஆயின. ஒருநாள் தவறாமல் பிரித்துவைத்தான். வாயில் அப்பம் ஒட்டுவது பிடிக்காமல் துப்பிவிடுவானோ என்று பயந்து, வசீகரம் செய்யப்படாத அப்பத்தைச் சிறு துண்டாக்கிக் கொடுத்துப் பழக்கினோம். பாவசங்கீர்த்தனத்துக்கு அவனே இரண்டு அட்டை கொண்டுவந்தான். ஒன்று தங்கையின் படம், இன்னொன்று அடிக்கும் கை. பல பெரியவர்கள் கால்மணி நேரம் பேசியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இது சலுகையா என்று சிலர் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகக்கூடப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 990 அனுமதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு யாரும் அருளடையாளங்களை மறுக்கக் கூடாது என்று 2020-இல் வெளியான மறைக்கல்வி வழிகாட்டி ஏடு சொல்கிறது. அதற்கும் வெகு காலம் முன்பு, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புனித பிரான்சிஸ் சலேசியார் காது கேளாத, பேச்சில்லாத மார்ட்டின் என்ற ஏழையைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு, சைகையால் மறைக்கல்வி சொல்லித் தந்து நற்கருணை கொடுத்தார். அவரும் ஓர் ஆயர். வேலை இல்லாதவர் அல்ல. 2014 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் வத்திக்கானில் சந்தித்தபோது, அவர்களைச் சூழ்ந்திருக்கும் தனிமையை உடைக்கும்படிதான் எல்லாரையும் கேட்டுக்கொண்டார். கோவிலில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டால் திரும்பி முறைக்கிறோமே, அந்த முறைப்பில்தான் பல குடும்பங்களின் தனிமை தொடங்குகிறது. நம் ஒலிபெருக்கியையும் கொஞ்சம் குறைக்கலாம்.

அந்தப் பையனிடம் 'முடிந்தது' என்று ஓர் அட்டை உண்டு. என் மறையுரை நீண்டுவிட்டால் முன் பெஞ்சிலிருந்து அதைத் தூக்கிக் காட்டுவான். பங்கு மக்கள் அவனுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இங்கே வானொலி நிலையத்தில் அவன் இல்லை என்றாலும் நேரம் முடியப்போகிறது.

ஒரு வேண்டுகோள். முன்பு ஒருமுறை கேட்டு, 'பேச்சு வரட்டும்' என்ற பதிலோடு திரும்பிப் போன தாய்மார் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பதிலைச் சொன்னது நானாகவும் இருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இப்போது இருபது வயது ஆகியிருந்தாலும் சரி, உங்கள் பங்குத்தந்தையிடம் மறுபடியும் போங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். அட்டைகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.