ஐஸ் மிஷினைச் சுத்தம் செய்வது எப்படி?



ஒரு காலத்தில் ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்தது. அதைச் சேமித்து வைக்க 1842-இல் கடற்கரை அருகே ஒரு கட்டடம் கட்டினார்கள். அதன் பெயர் ஐஸ் ஹவுஸ். அந்தக் கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

இப்போது ஐஸுக்குக் கப்பல் தேவையில்லை. பெங்களூரில் ஹோட்டல்களிலும் ஜூஸ் கடைகளிலும் மேடைக்கு அடியிலேயே சிறிய ஐஸ் மிஷின் இருக்கிறது. அதைக் கழுவித் துடைப்பவர் அங்கு வேலை செய்யும் தொழிலாளி. ஒரே பெட்டிக்குள் தண்ணீரும் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. அதனால் கவனம் தேவை.

மிஷின் எப்படி வேலை செய்கிறது?

உள்ளே ஓர் உலோகத் தகடு உண்டு. அது மிகவும் குளிர்ந்து இருக்கும். அதன் மேல் தண்ணீர் ஓடும். ஓடும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உறையும். பிறகு தகடு சற்றே சூடாகும். ஐஸ் கழன்று பெட்டியில் விழும்.

தண்ணீரிலிருந்து எடுத்த சூடு வெளியே போக வேண்டும். அதற்கு வலை போன்ற ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் கண்டென்சர். அதில் தூசியும் எண்ணெய்ப் புகையும் படிந்தால் சூடு வெளியேறாது. ஐஸ் குறையும். மின்சாரச் செலவு கூடும்.

ஏன் கழுவ வேண்டும்?

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் 1974-இல் வந்தது. ஆனாலும் பல இடங்களில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் கிடைக்கின்றன. 2024 கோடையில் பல போர்கள் வறண்டன. அப்போது லாரித் தண்ணீரை நம்பியவர்கள் அதிகம். போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ஐஸ் தகட்டிலும் படியும்.

ஈரமான இடத்தில் வழவழப்பான பாசி பிடிக்கும். அதில் கிருமிகள் வாழும். உறைய வைத்தால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. ஐஸ் கரைந்ததும் அவை மீண்டும் பெருகும். ஐஸும் ஓர் உணவுதான். அழுக்கு ஐஸ் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

வேலையின் வரிசை

1. சுவிட்சை அணைக்க வேண்டும். பிளக்கையும் கழற்ற வேண்டும். ஈரக் கையால் பிளக்கைத் தொடக் கூடாது.

2. தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். பெட்டியில் உள்ள ஐஸை எல்லாம் கொட்டிவிட வேண்டும்.

3. கண்டென்சர் தூசியை மென்மையான பிரஷால் தட்ட வேண்டும். அதன் ஓரம் கூர்மையானது. கையுறை நல்லது.

4. உப்பை நீக்க, மிஷின் கம்பெனி சொன்ன திரவத்தை மட்டும் ஊற்ற வேண்டும். கழிப்பறை ஆசிட் கூடவே கூடாது. திரவம் உள்ளே ஓட மிஷினை இயக்க வேண்டியிருக்கும். அப்போது எல்லா மூடியும் மூடியிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைத் திறந்த பிறகே இயக்க வேண்டும்.

5. நல்ல தண்ணீரால் நன்றாக அலச வேண்டும். அதன் பிறகே கிருமி கொல்லும் திரவம். மீண்டும் அலச வேண்டும்.

6. முதலில் விழும் ஐஸை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொட்டிவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது இப்படிக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம்.

பெரிய ஆபத்து

உப்பு நீக்கும் திரவம் ஒரு அமிலம். பிளீச்சிங் திரவம் வேறு வகை. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைத் தாக்கும். சிறிய அறையில் உயிருக்கே ஆபத்து. "இரண்டையும் சேர்த்தால் சீக்கிரம் சுத்தமாகும்" என்று சிலர் நினைப்பது தவறு. மூச்சு முட்டினால் உடனே வெளியே ஓட வேண்டும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்று, கேஸ். சில மிஷின்களில் ஆர்-290 என்ற கேஸ் இருக்கும். அது புரொப்பேன். சமையல் கேஸ் போலவே தீப்பிடிக்கும். கம்ப்ரசர் அருகே ஒட்டிய சீட்டில் அதன் பெயரும் தீச் சின்னமும் இருக்கும். கேஸ் குழாயையும் மின்சாரப் பகுதியையும் பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே தொட வேண்டும்.

ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைத் தொடக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு 108-க்கு போன் செய்ய வேண்டும்.

ஓர் அட்டை போதும்

மேடைக்கு அடியில் ஒருவர் குனிந்திருப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. பிளக் கழன்று கிடப்பதைப் பார்த்து, யாராவது மாட்டி சுவிட்சைப் போட்டுவிடலாம். அதனால் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி பிளக்கில் கட்ட வேண்டும்:

"வேலை நடக்கிறது. சுவிட்ச் போடாதே!"

உடன் வேலை செய்பவர் கன்னடம் படிப்பவரானால் கன்னடத்திலும் எழுத வேண்டும். வேலை முடிந்ததும், எழுதியவரே அதைக் கழற்ற வேண்டும்.

எழுதக் கற்றவரின் கையில் ஓர் உயிரைக் காக்கும் வலிமை இருக்கிறது, நண்பர்களே!